கதவுக்குப் பின்னால் ஒரு துப்பட்டா

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், யமுனாவின் அக்கா அறிவுமதி பீரோவைத் திறந்து தங்கையின் துணிகளையெல்லாம் எடுத்துக் கட்டினாள். சேலைகள், சுடிதார்கள், பிரசவத்துக்குப் பிறகு போட முடியாமல் போன ரவிக்கைகள். மூன்று மூட்டை. யமுனாவின் கணவன் பீமராவ் பார்த்துக்கொண்டு நின்றான். தடுக்கவில்லை. சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய துப்பட்டா மட்டும் யார் கண்ணிலும் படவில்லை. பால்காரர் மணியடித்தால், கீழே குப்பை வண்டி வந்தால், நைட்டிக்கு மேல் இழுத்துப் போட்டுக்கொண்டு யமுனா ஓடுகிற துப்பட்டா அது. வெளிறிய மஞ்சள். பாத்திரம் பிடிக்கிற துணியோடு துணியாகத் தொங்கியதால் அது தப்பித்தது.

யமுனா போனது ஐப்பசியில். டெங்கு. காய்ச்சல் வந்து ஆறாம் நாள் எல்லாம் முடிந்துவிட்டது.

மகள் கனிஷ்காவுக்கு அப்போது பதினேழு மாதம். முதல் இரண்டு மாதம் உப்பிலியபுரத்தில் அறிவுமதி வீட்டில் இருந்தாள். பொங்கல் கழிந்து பீமராவ் போய் அழைத்து வந்தான். ஸ்ரீரங்கத்தில், ரயில்வே ஸ்டேஷனுக்குப் பக்கத்துத் தெருவில் மாடி வீடு. பாலிடெக்னிக்கில் அவனுக்கு வேலை. பகலில் குழந்தையை இரண்டு தெரு தள்ளி ஒரு காப்பகத்தில் விடுவான். சாயங்காலம் தூக்கி வருவான். குளிப்பாட்டுவான், ஊட்டுவான், படுக்க வைப்பான். எதற்கும் அவள் அழுவதில்லை. சிரிப்பதும் இல்லை. காக்கா என்பாள், தண்ணி என்பாள், கீழ் வீட்டு நாயைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். அவனை மட்டும் எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தூக்கினால் கையில் இருப்பாள். இறக்கினால் போய்விடுவாள்.

பங்குனியில் ஒரு நாள் வந்து தங்கிய அறிவுமதி இதையெல்லாம் உட்கார்ந்து கவனித்தாள். காபி டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுச் சொன்னாள்.

“வீட்டு ஓனரைப் பாக்கிற மாதிரி பாக்குறா தம்பி உங்களை.”

அவன் சிரிக்க முயன்றான். அவளும் முயன்றாள். பிறகு மெதுவாக விஷயத்துக்கு வந்தாள். அவள் ஸ்கூல் டீச்சர். லீவு விட்டதும் வந்து கனியைக் கொண்டு போய்விடுவதாகச் சொன்னாள். தன் பிள்ளைகள் இரண்டோடு மூன்றாவதாக வளரட்டும் என்றாள். அவனுக்கும் சின்ன வயசு என்றாள். அந்தக் கடைசி வாக்கியத்தை அவன் காதில் வாங்காதது போல இருந்தான். சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. எதை வைத்துக்கொண்டு முடியாது என்று சொல்வது?

செருப்பைப் போட்டுக்கொண்டே அவள் சொன்னாள். “ஒரே ஒரு தடவை அவ உங்ககிட்ட ஆசையா வந்து நான் பாத்துட்டா போதும். அப்புறம் இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன்.”

லீவு விட்டாயிற்று. வருகிற ஞாயிறு என்று நாள் சொல்லியாயிற்று.

அதற்கு முந்தைய நாள், சனிக்கிழமை, தென்னூரில் கனிக்கு வகுப்பு இருந்தது.

அந்த வகுப்பில் சேர்த்தது யமுனாதான். ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடியில் பெரிய ஹால். தரையெல்லாம் வண்ண வண்ண ரப்பர் பாய். ஒரு வயதிலிருந்து மூன்று வயது வரைக்குமான குழந்தைகளும் அம்மாக்களும் வட்டமாக உட்கார்ந்து பாடுவார்கள், ஆடுவார்கள், கிலுக்குவார்கள். ஹாஜிரா என்ற பெண் நடத்துகிறாள். கையில் எப்போதும் ஒரு கஞ்சிரா. யமுனா ஆறு வகுப்பு போயிருந்தாள். மாசி மாதம் ஹாஜிரா ஃபோன் செய்து, மீதி வகுப்புகள் அப்படியே இருக்கின்றன, நீங்கள் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றாள். தனக்குப் பாட்டு வராது என்றான் பீமராவ். “இங்க யாருக்கு சார் வருது?” என்றாள்.

முதல் நாள் கதவைத் தாண்டியதுமே கனி அவன் கையிலிருந்து நழுவி ஜன்னலோரம் ஓடினாள். அந்த இடத்தில் போய் நின்றுகொண்டு சுற்றிலும் பார்த்தாள். அங்கேதான் யமுனாவும் அவளும் உட்காருவார்கள் என்று ஹாஜிரா சொல்லித்தான் அவனுக்குத் தெரிந்தது. அவனும் அங்கேயே உட்கார்ந்தான்.

அதிலிருந்து அவனுக்கு ஓய்வு கிடைத்த சனிக்கிழமைகளில் எல்லாம் போனார்கள். பைக்கில் குழந்தையைப் பிடித்துக்கொள்ளப் பின்னால் ஆள் இல்லாததால் பஸ்தான். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி இன்னொரு பஸ். வகுப்பில் முதலில் வந்தனப் பாட்டு. ஒவ்வொரு குழந்தையின் பெயரையும் சொல்லி, வந்தாச்சு வந்தாச்சு என்று எல்லோரும் கைதட்ட வேண்டும். அப்புறம் பஸ் ஆட்டம். பெரியவர்கள் காலை நீட்டிக்கொள்ள, குழந்தைகள் முழங்காலில் உட்கார, ஸ்பீடு பிரேக்கர் வரும்போது தூக்கிப் போட வேண்டும். மற்ற குழந்தைகள் கூவுவார்கள். கனி பார்சல் போல உட்கார்ந்திருப்பாள். அப்புறம் கிலுக்கு. சின்ன பிளாஸ்டிக் பாட்டிலில் துவரம்பருப்பு போட்டு மூடி ஒட்டியது. வகுப்பில் செய்து வீட்டுக்கும் ஒன்று கொடுத்தார்கள். கனி அதை டிவி ஸ்டாண்டில் வைத்தாள். அதோடு சரி.

ஆண் என்று அவன் ஒருவன்தான். முதலில் எல்லோரும் அவனைக் கண்டதும் துப்பட்டாவைச் சரி செய்துகொண்டார்கள். பிறகு பழகிவிட்டது. கமர் ஜஹான் என்ற அம்மா மட்டும் சகஜமாகப் பேசுவாள். அவள் பையன் அர்ஹம் எல்லோருடைய கிலுக்கையும் பிடுங்குவான். “எங்க வீட்டுக்காரரும் ஒரு தடவை வந்தாரு சார். வந்தனப் பாட்டு முடியறதுக்குள்ள குறட்டை. அர்ஹம் அதுக்குத் தாளம் போட்டான்.”

வெள்ளிக்கிழமை வகுப்பின் வாட்ஸ்அப் குரூப்பில் ஹாஜிராவின் செய்தி வந்தது. நாளைக்குத் துணி ஆட்டம். வீட்டில் நீங்கள் வழக்கமாகப் போடுகிற துப்பட்டா ஒன்று எடுத்து வாருங்கள். அவனுக்குத் தனியாக இன்னொன்று: ‘உங்க துண்டு ஏதாவது எடுத்துட்டு வாங்க சார். போதும்.’

துண்டைத்தான் பையில் வைத்தான். கனிக்குச் செருப்பு மாட்டினான். மறுநாள் ஞாயிறு என்பது நினைவில் இருந்தது. ஹாஜிரா வகுப்பில் ஃபோனை ஸ்டாண்டில் நிறுத்தி வீடியோ எடுத்து, அந்தந்த வீட்டுக்கு அனுப்புவாள் என்பதும் நினைவில் இருந்தது. கதவைப் பூட்டப் போனவன் திரும்பி உள்ளே வந்தான். சமையலறைக் கதவைத் தள்ளி, ஆணியிலிருந்து துப்பட்டாவை எடுத்தான். ஆறு மாதமாக அதை அவன் தொட்டதில்லை. துண்டை வெளியே எடுத்துப் போட்டுவிட்டு அதைப் பையில் திணித்தான்.

தப்பு என்று அப்போதே தெரிந்தது. இருந்தாலும் பூட்டைப் பூட்டினான்.

ஆட்டம் எளிமையானது. பெரியவர்கள் துணியைத் தலையில் போட்டு முகத்தை மூடிக்கொள்ள வேண்டும். காணோம் காணோம் ஆளைக் காணோம் என்று ஹாஜிரா கஞ்சிராவைத் தட்டிப் பாடுவாள். குழந்தை துணியை இழுக்கும். முகம் தெரிந்ததும் ‘இதோ’ என்று சொல்ல வேண்டும். ஆளைக் காணோம் என்றுதான் அவள் பாடினாள். பின்வரிசையில் ஒரு அம்மா பழக்கதோஷத்தில் அம்மாவைக் காணோம் என்று தொடங்கி, பாதியில் நிறுத்தினாள். வழக்கமான சொல் எது என்று பீமராவுக்கு அப்போது புரிந்தது. ஹாஜிரா அவனுக்காக மாற்றியிருக்கிறாள்.

துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டான். உலகம் மஞ்சளாகி மங்கியது. தேங்காய் எண்ணெய், தாளித்த கடுகு, அதற்கடியில் வேறொன்று. மூச்சை மெல்ல விட்டான். சுற்றிலும் ‘இதோ’, ‘இதோ’ என்று குரல்கள். குழந்தைகள் கிறீச்சிட்டார்கள். அவன் பக்கம் எதுவும் நடக்கவில்லை. கனி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பாள் என்று நினைத்தான்.

அப்போது துணி அசைந்தது. ஒரு சின்னக் கை கீழ்நுனியைப் பிடித்து இழுத்தது. துப்பட்டா வழுக்கி மடியில் விழுந்தது.

கனியின் முகம் அவன் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. ஆறு மாதத்தில் அவ்வளவு கிட்டத்தில், அவ்வளவு நேராக அவள் அவனைப் பார்த்ததில்லை.

“இதோ” என்றான். சிரித்தான்.

அவள் சிரிக்கவில்லை. அவன் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். பிறகு மடியிலிருந்த துப்பட்டாவை இரண்டு கையாலும் அள்ளி, நுனிக்காலில் நின்று, அவன் தலையில் போட்டாள். ஓரங்களை இழுத்து விட்டாள். கன்னம் தெரிந்த இடத்தை மூடினாள். சற்று நேரம் நின்றாள். இழுத்தாள்.

“இதோ.”

மறுபடி மூடினாள். மறுபடி இழுத்தாள்.

அம்மாக்கள் சிரிக்கத் தொடங்கினார்கள். விடவே மாட்டேன் என்கிறாளே என்றார்கள். “சார், இன்னைக்கு நீங்க வீட்டுக்குப் போன மாதிரிதான்” என்றாள் கமர் ஜஹான்.

மூன்றாவது தடவை அவனுக்குப் புரிந்தது. அவள் விளையாடவில்லை. இந்தத் துணிக்குள் யார் இருக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். ஏதோ தவறாகிவிட்டது, சரியாக மூடினால் சரியாக வரும். அவ்வளவுதான். ஒவ்வொரு தடவையும் முன்னைவிடக் கவனமாக மூடினாள். ஒவ்வொரு தடவையும் அவன்தான் வந்தான்.

‘இதோ’ சொல்வதை நிறுத்திவிட்டான். முகத்தில் சிரிப்பு மட்டும் எடுக்க மறந்தது போல ஒட்டிக்கொண்டிருந்தது. எண்ணிக்கொண்டிருந்தான். ஒன்பது. பத்து. கஞ்சிரா எப்போது நின்றது என்று தெரியவில்லை. பதினோராவது தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, கனி துப்பட்டாவைத் தரையில் விட்டாள். அவனுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள்.

எல்லோரும் இறங்கிப் போன பிறகு ஹாஜிரா அருகில் வந்து குந்தினாள். தாழ்ந்த குரலில் கேட்டாள்.

“அவங்களோடதா சார்?”

தலையசைத்தான்.

“நான் துண்டுதானே சொன்னேன்.”

“ஆமா” என்றான்.

அவள் துப்பட்டாவை எடுத்து, அதிலிருந்த தூசியைத் தட்டாமல், அப்படியே மடித்துக் கொடுத்தாள்.

திரும்பும்போது பஸ்ஸில் கனி ஜன்னலோரம் நின்றாள். பாலத்துக்குக் கீழே காவிரியில் மணல்தான். நடுவில் எங்கோ ஒரு கோடு தண்ணீர். ஃபோன் அதிர்ந்தது. ஹாஜிரா வழக்கப்படி அனுப்புகிற வீடியோ. அவள் பார்க்காமலே அனுப்பியிருக்க வேண்டும். ஐம்பத்திரண்டு விநாடி. கேமரா கனிக்குப் பின்னால் இருந்தது. அவள் முகம் தெரியவில்லை. குட்டிக் கைகள் துணியை இழுக்கின்றன, அப்பா சிரித்துக்கொண்டு வெளிப்படுகிறான், ‘இதோ’ என்கிறான், எல்லோரும் சிரிக்கிறார்கள், கைகள் ஆசை அடங்காமல் மறுபடி மூடுகின்றன. யார் பார்த்தாலும் அப்படித்தான் தெரியும்.

அறிவுமதி கேட்டது இதைத்தான். பாலம் முடிவதற்குள் அனுப்பிவிட்டான்.

நான்கு மணிக்கு அவள் அழைத்தாள். அழுதிருந்த குரல். அதில் சந்தோஷமும் இருந்தது. நாலு தடவை பார்த்தாளாம். வீட்டுக்காரரிடமும் காட்டினாளாம். வெங்காயக் காட்டிலிருந்து மண் கையோடு வந்து பார்த்தாராம். நாளைக்கு வரவில்லை என்றாள். குழந்தையைத் தகப்பனிடமிருந்து பிரிக்கப் பார்த்தோமே என்று மனசு உறுத்துகிறது என்றாள்.

பீமராவ் கேட்டுக்கொண்டிருந்தான். சரி அண்ணி என்று சொன்னால் போதும். ஃபோனை வைத்துவிடலாம். ஹாலில் கனி, மூடிய டிவிக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

“அண்ணி, அந்தத் துணி யமுனாவுது” என்றான். “அவ என்னைத் தேடலை.”

அந்தப் பக்கம் எங்கோ மோட்டார் ஓடுவது கேட்டது.  பிறகு அவள் குரல் வந்தது. வேறு குரல்.

“எனக்கும் யமுனா சாடைதானே தம்பி. இங்க இருந்த ரெண்டு மாசமும், காலையில முழிச்ச உடனே கனி என் தாடையைப் பிடிச்சுத் திருப்பிப் பாப்பா. பாத்துட்டு, அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்குவா. தினம் தினம். நான் யார்கிட்டயும் சொல்லலை.”

அவன் ஃபோனை மறு காதுக்கு மாற்றினான்.

“என்னைக்காவது ஒரு நாள் ஏமாந்து என்னை அம்மான்னு கூப்பிட்டுட மாட்டாளான்னு, தலையைக்கூட யமுனா மாதிரி வாரிக்கிட்டேன்.”

மோட்டார் நின்றது. அறிவுமதி மூக்கைச் சிந்தினாள்.

“இங்க வந்தா மறுபடியும் முதல்லேருந்து என் மூஞ்சியைப் பாக்கணும் அவ. வேண்டாம். உங்க மூஞ்சிலயாவது பாத்து முடிச்சுட்டா. அங்கயே இருக்கட்டும்.” கொஞ்சம் இருந்து, “மூணு மூட்டை கட்டுனேன். அதை எப்படி விட்டேன்?” என்றாள். பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டாள்.

கனி இனி இங்கேதான். அவன் வேண்டியது கிடைத்துவிட்டது. அதற்கு எங்கேயாவது ஒரு சந்தோஷம் அசையும் என்று மனதுக்குள் தேடிப் பார்த்தான். எதுவும் இல்லை.

பையிலிருந்து துப்பட்டாவை எடுத்து ஆணியில் மாட்டப் போனவன், முடியாமல் சமையலறை வாசலிலேயே சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தான். மடியில் அது கிடந்தது. கனி எழுந்து வந்தாள். அவனைப் பார்க்கவில்லை, துணியைப் பார்த்தாள். அள்ளினாள். காலையில் செய்தது போலவே அவன் தலையில் போட்டு, ஓரங்களை இழுத்துவிட்டு, கன்னத்தை மூடினாள்.

அவன் காத்திருந்தான். முகத்தை என்னவாக வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அவள் இழுக்கவில்லை. பாதங்கள் தரையில் பட்டுப் பட்டுத் தூரமாகப் போயின.

துணியை எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. மஞ்சளுக்குள் அப்படியே உட்கார்ந்திருந்தான். தேங்காய் எண்ணெய், கடுகு. இப்போது வகுப்பு ஹாலின் தூசியும் பஸ்ஸின் டீசலும்கூட இருந்தன. கொஞ்ச நேரத்தில் டிவி ஸ்டாண்டு பக்கமிருந்து ஒரு சத்தம் கேட்டது. பாட்டிலுக்குள் துவரம்பருப்பு உருளும் சத்தம். ஒரு தடவை. நின்றது. பிறகு மூன்று தடவை. தாளம் எதிலும் சேரவில்லை. வீட்டில் அவள் அதைக் கிலுக்கியது இன்றைக்குத்தான்.

அவன் தலையைத் திருப்பாமல் கேட்டுக்கொண்டிருந்தான்.