நான்கு விரல் கீழே

தெருநாய் கறுப்பியின் தலை முந்தாநாளிலிருந்து ஒரு பிளாஸ்டிக் ஜாடிக்குள் மாட்டிக்கொண்டிருந்தது. யாரோ தூக்கியெறிந்த பிஸ்கட் ஜாடி. அடியில் ஒட்டியிருந்த தூளுக்கு ஆசைப்பட்டு நுழைத்த தலை திரும்ப வரவில்லை. நகரின் நடுவே பபேடான் பேட்டையின் அந்தப் பின்சந்தில் எல்லாரும் பிடிக்கப் பார்த்தார்கள். மிரண்டுபோன நாய் யாரையும் அண்டவிடவில்லை. ஏப்ரல் வெயிலில் இன்னொரு பகல் தண்ணீரில்லாமல் போனால் செத்துவிடும். அதனால்தான் அந்தச் சந்திலேயே குடியிருந்த ருக்சானா நகருக்கு வெளியே மாவ்பி ஊருக்குப் போன் போட்டு மாட்டு டாக்டர் பர்னபாஸை வரவழைத்திருந்தாள்.

மிரளும் காளைகளுக்கு மயக்க ஊசி எய்யும் துப்பாக்கி ஒன்று அவரிடம் இருந்தது. வார்டு அலுவலகத்தில் சொல்லிவிட்டு, துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்.

“சயா, ரொம்பச் சத்தம் போடுமா?” ருக்சானா குரலைத் தாழ்த்தினாள். அந்த ஊரில் டாக்டரும் வாத்தியாரும் எல்லாருக்கும் சயாதான். “எங்க வீட்டுக்காரரு மேலே இருக்காரு. பட்டாளத்துக்காரங்க தெருவிலே ஜனங்களைச் சுட்டாங்களே, அந்த வருஷத்திலேருந்து டயர் வெடிச்சாக்கூடக் கட்டிலுக்கு அடியிலே போயிடறாரு.”

“கவலைப்படாதே தங்கச்சி.”

பர்னபாஸ் பையிலிருந்து சைலன்சரை எடுத்துக் குழல் முனையில் திருகினார். மாவ்பி வயல்வெளியில் அதற்கு வேலையே இருந்ததில்லை. மேலே இருக்கிற மனுஷன் பதறக் கூடாது என்பதைத் தவிர அப்போது அவருக்கு வேறு நினைப்பில்லை.

கர்த்தரே, கை நடுங்காமல் பார்த்துக்கொள்ளும் என்று முணுமுணுத்துவிட்டு, கறுப்பியின் தொடையைக் குறிவைத்து விசையை அழுத்தினார்.

ஈரத்துணியை உதறியது போல ஒரு சத்தம். ஊசி நாயின் காலுக்குக் கீழே சிமெண்டில் மோதி வளைந்தது. கறுப்பி துள்ளியோடி, சந்தின் கோடியில் ஜெனரேட்டர் கூண்டுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டாள். மூச்சுக்காற்றில் ஜாடி வெளுத்தது.

“காளையா இருந்தா வயித்திலேயாவது பட்டிருக்கும்!” என்றார் எதிர்ப்படியில் உட்கார்ந்திருந்த டீக்கடை நல்லையா.

“நீங்க சும்மா இருங்க மாமா,” ருக்சானா சீறினாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

பர்னபாஸுக்கு அப்போதுதான் உறைத்தது. குறி சரிபார்த்ததெல்லாம் சைலன்சர் இல்லாமல். இப்போது குழல் நுனியில் கனம் ஏறிவிட்டது. ஊசி புறப்படும்போது குழல் அதிரும் விதமும் மாறிவிட்டது. துப்பாக்கி கெட்டுப்போகவில்லை, அடிக்கும் இடம்தான் நகர்ந்திருக்கிறது. எவ்வளவு என்று சுட்டுப் பார்த்தால்தான் தெரியும். மருந்தோ இன்னும் ஒரே ஊசிக்குத்தான் இருந்தது. அது கிடைப்பதே இப்போது அரிது.

“என்ன சயா, தப்பிடுச்சா?” இரண்டாம் மாடிக் கம்பிகளுக்குப் பின்னாலிருந்து ருக்சானாவின் கணவர் ரிஹானின் குரல்.

பர்னபாஸ், அந்த ஊர் வழக்கப்படி மரியாதையாகக் ‘கோ’ போட்டு அழைத்து, மறைக்காமல் சொன்னார். “ஆமாம் கோ ரிஹான். சத்தத்தை அடக்கற குழாயைக் கழற்றினா குறி சரியா நிக்கும், ஆனா வெடி மாதிரி கேட்கும். கழற்றாம இருந்தா, மருந்தில்லாத ஊசியை மெத்துன்னு எதிலாவது விட்டுப் பார்க்கணும்.”

கொஞ்சம் கழித்து, பேப்பரையும் பாலையும் மாடிக்கு இழுக்கிற கயிறு அசைந்தது. அதன் நுனியில் ஒரு நீலத் தலையணை ஆடியாடி இறங்கி வந்து, சுவரோரப் படியில் உட்கார்ந்தது.

“கயித்தைக் கட்டிட்டு நீங்க உள்ளே போங்க,” என்றாள் ருக்சானா.

“விட்டா சாஞ்சிடும். நான் பிடிச்சிக்கிறேன். சுடும்போது மட்டும் சொல்லுங்க சயா.”

ருக்சானா கன்னத்தில் பூசியிருந்த தனாக்கா மரப்பட்டைக் குழம்பை ஈரவிரலால் வழித்துத் தலையணை நடுவில் ஒரு பொட்டு வைத்துவிட்டு விலகினாள்.

“சுடறேன்.”

“ம்.”

கயிறு அதிர்ந்தது. பர்னபாஸ் நிமிர்ந்து பார்த்தார். ரிஹான் கண்களை இறுக மூடியிருந்தார். கை கயிற்றை விடவில்லை. ஊசி பொட்டுக்கு நான்கு விரல் கீழே குத்தி நின்றது.

“இன்னொரு தடவை பார்த்துடுங்க,” மேலேயிருந்து குரல் வந்தது. “ஒரு தடவையை நம்ப முடியாது.”

இரண்டாவதும் அதே நான்கு விரல் கீழே. பர்னபாஸ் துப்பாக்கியின் மேலிருந்த குறிபார்க்கும் தொலைநோக்கியின் திருகைத் திருப்பினார். மூன்றாவது பொட்டைத் தொட்டது. மருந்து ஊசியைப் போட்டுக்கொண்டு, கூண்டின் இடுக்கில் தெரிந்த கறுப்புத் தொடைக்காகக் காத்திருந்தார்.

ஊசி தைத்தது. கறுப்பி ஒருமுறை கத்தினாள், நாலடி நடந்தாள், கால்கள் பின்னச் சரிந்தாள்.

கத்தரியால் ஜாடியை வெட்டியெடுத்தபோது நாக்கு வறண்டு தடித்திருந்தது. பர்னபாஸ் நனைத்த துணியால் அதைத் துடைத்துக்கொண்டே இருந்தார். நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்த ருக்சானா, பக்கத்தில் யாரோ குந்தியதும் திரும்பினாள். கிண்ணம் நிறையத் தண்ணீரோடு ரிஹான். மாடியிலிருந்து இறங்கிய வழியெல்லாம் தண்ணீர் சிந்தி லுங்கி நனைந்திருந்தது.

“இப்பவே கொடுக்காதீங்க, புரையேறிடும்,” என்றார் பர்னபாஸ். “நல்லா முழிக்கட்டும்.”

“இருக்கேன்,” என்றார் ரிஹான்.

நல்லையா ஒரு குடையைக் கொண்டுவந்து நாயின் மேல் விரித்துப் பிடித்தார். அன்பு செய்ய ஆளுக்கு ஆள் ஒரு வழியை ஆண்டவர் வைத்திருக்கிறார் என்று பர்னபாஸுக்குத் தோன்றியது. வெயில் அடுத்த சுவருக்கு ஏறிய பிறகு, கறுப்பி தள்ளாடித் தலையைத் தூக்கி, கிண்ணத்தை முகர்ந்து, குடிக்கத் தொடங்கினாள்.