கட்டில்வரை கேட்ட கல்யாணம்

என் கணவரின் தங்கை பிக்ஹாவின் திருமண விருந்துக்கு எந்த இசையை ஏற்பாடு செய்வது என்பதை, என் மாமனார் படுத்திருந்த அறைக்கு அடுத்த அறையில் அமர்ந்து நாங்கள் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தோம். அவருடைய உறக்கம் கலையக் கூடாது என்பது ஒரு காரணம். செலவைப் பற்றிய பேச்சு அவர் செவியில் விழக் கூடாது என்பது மற்றொன்று. சர்க்கரை நோய் முன்பே அவருடைய பார்வையை வாங்கிக்கொண்டிருந்தது. பின்னர் கல்லீரலில் வந்த கட்டி கால்களையும் பசியையும் எடுத்துக்கொண்டது. செவி மட்டும் எஞ்சியிருந்தது.

மாப்பிள்ளை வீட்டார் தைவானின் பெரிய நகரமான தைச்சுங்கைச் சேர்ந்தவர்கள், மிகவும் பண்பானவர்கள். தங்கள் பக்க விருந்துக்கு அழைத்திருக்கும் வயலின் குழுவையே எங்கள் வீட்டு மதிய விருந்துக்கும் சொல்லிவிடலாமா என்று விசாரித்திருந்தார்கள். அதன் கட்டணத்தைக் கேட்டபின் என் கணவர் கியன்போ கணக்குப் புத்தகத்தை மூடிவைத்தார்.

"வயலினா?" என்றார் சியோக் அத்தை. அவர் என் மாமனாரின் தங்கை. ஊரில் பாதிப் பேருக்கு அத்தை. "சிப்பி உரிக்கிறவங்களுக்கு வயலின் வச்சா மூணாவது பதார்த்தம் வர்றதுக்குள்ள தூங்கிடுவாங்க. எங்கண்ணன் ஏற்கெனவே தூங்கிட்டுதான் இருக்கார்."

"எதுக்கு இவ்வளவு பேச்சு? போன்ல பாட்டு இருக்கு, பக்கத்து வீட்டுல ஸ்பீக்கர் இருக்கு. போட்டா பாடப் போகுது," என்றார் என் கணவர்.

"பாடும், அண்ணே. அப்பா பேரைச் சொல்லுமா?" என்றாள் பிக்ஹா.

நோயாளி ஒருவர் மணவிருந்தின் முதல் மேசையில் அமர்வது மணமக்களுக்கு ஆகாது என்று என் மாமனார் தாமே சொல்லி, வெளியே வருவதில்லை என்று முடிவு செய்திருந்தார். அவரைத் தூக்கி அமர்த்தும் நிலையும் கடந்துவிட்டிருந்தது. ஆகவே அந்தத் திருமணத்தில் அவருக்குக் கிடைக்கக்கூடியது, பந்தலிலிருந்து சுவரைத் தாண்டி வரும் ஒலி மட்டுமே.

"இன்னாரோட மகளுக்குக் கல்யாணம்னு மைக்ல ஒரு ஆள் சொல்லணும். ஒருதடவை போதும். அவர் படுத்திருக்கிற இடத்துக்குக் கேட்கணும். வேற எதையும் குறைச்சுக்கோங்க. எனக்குப் புது உடுப்பு வேண்டாம், வாடகைக்கே எடுத்துக்கிறேன். இறாலைக்கூட விட்டுடுங்க," என்றாள் பிக்ஹா.

"இறாலை விட்டா நான் வரமாட்டேன்," என்றார் அத்தை. அனைவரும் சற்றே சிரித்தோம். அடுத்த அறையில் இருமல் கேட்டதும் நிறுத்திக்கொண்டோம்.

என் கணவர் மறுநாள் முழுவதும் தொலைபேசியில் மேடை லாரிகளை விசாரித்தார். பக்கவாட்டுக் கதவைத் திறந்தால் வண்ண விளக்குகளுடன் மேடையாகிவிடும் அந்த லாரிகளில் பாடகியும் மின் ஆர்கன் வாசிப்பவரும் உடன் வருவார்கள். கோயில் விழாவுக்கும் அவைதான், கல்யாணத்துக்கும் அவைதான், சாவுக்கும் அவைதான். பின்திரை மட்டும் மாறும். எங்களால் இயன்ற தொகைக்கு ஒரே ஒரு குழு இசைந்தது. அன்று காலை அருகிலுள்ள ஊரில் அவர்களுக்கு வேறொரு வேலை இருந்ததால், லாரி எப்படியும் எங்கள் பக்கம் வர வேண்டியிருந்தது.

"காலையில என்ன வேலையாம்?" என்று நான் கேட்டேன்.

என் கணவர் வாய் திறப்பதற்குள் அத்தை குறுக்கிட்டார். "அதை மட்டும் கேட்டுடாதீங்க. கேட்டா அவங்க சொல்லணும். சொன்னா நாம வேண்டாம்னு சொல்லணும். அப்புறம் பக்கத்து வீட்டு ஸ்பீக்கர்தான்."

ஆகவே நாங்கள் கேட்கவில்லை.

இந்த இடத்தில், மூன்று ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த என் மாமியாரின் இறுதிச் சடங்கைப் பற்றிச் சிறிது கூறிவிட அனுமதிக்க வேண்டுகிறேன். தாய் இறந்தால் மகள் வாய்விட்டு அழுதாக வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். பிக்ஹாவுக்கு அன்று குரலே எழும்பவில்லை. சவப்பெட்டியின் அருகே கல்லைப்போல் நின்றாள். அழாத மகளைப் பற்றி ஊரார் பேசுவார்களே என்று அஞ்சிய அத்தை, சடங்குகளை நடத்தியவரிடம் சொல்லி, மகளுக்குப் பதிலாக அழும் பெண் ஒருவரை வரவழைத்தார். வெள்ளை உடையும், முகத்தை முழுவதும் மறைக்கும் சணல் முக்காடும் அணிந்த அந்தப் பெண், ஒலிவாங்கியைக் கையில் பிடித்தபடி தெருமுனையிலிருந்து எங்கள் வாசல்வரை முழங்காலில் ஊர்ந்து வந்து, பிக்ஹாவின் பெயரால் கதறினார். கேட்டவர்களில் அழாதவர் இல்லை.

அப்போதே பார்வை இழந்திருந்த என் மாமனார், அழுவது தம் மகள்தான் என்று எண்ணிவிட்டார். சடங்கு முடிந்தபின், "என் பொண்ணு மாதிரி யார் அழுதாங்க? அவங்கம்மாவுக்குக் கேட்டிருக்கும்," என்றார். அதன் பின்பும் வருவோர் போவோரிடமெல்லாம் அதைச் சொல்லி மகிழ்ந்தார். அவரைத் திருத்த எங்களில் எவருக்கும் மனம் வரவில்லை. பிக்ஹா மட்டும் அந்தப் பேச்சு எழும்போதெல்லாம் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாள்.

விருந்து நாளன்று, நீரிணையிலிருந்து வீசிய வாடைக்காற்று பந்தல் துணியை விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. தெருவை அடைத்துப் போட்ட வட்ட மேசைகளில் விருந்தினர்கள் கழுத்துத் துணியை அவிழ்க்காமலேயே அமர்ந்திருந்தார்கள். சமையல்காரர் ஆவிப் பெட்டிகளை அடுக்கிவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கிய வேளையில் மேடை லாரியும் வந்து நின்றது.

பாடகியை வரவேற்க நான் சென்றேன். தம்மைச் 'சின்னப் பவளம்' என்று அறிமுகம் செய்துகொண்ட அந்த அம்மையாருக்கு ஐம்பது வயது இருக்கலாம். தங்கச் சரிகை உடுப்பின்மேல் ஆண்கள் அணியும் தடித்த மேலங்கி ஒன்றைப் போட்டிருந்தார். லாரியிலிருந்து இறங்கி எங்கள் வாசலைப் பார்த்தவர், அங்கேயே நின்றுவிட்டார். நிலைப்படியைப் பார்த்தார். தெருமுனையைத் திரும்பிப் பார்த்தார்.

"தங்கச்சி, இது திங் குடும்பத்து வீடுதானே?" என்றார்.

"ஆமாங்க."

"மூணு வருஷம் முன்னால இங்க ஒரு அம்மா தவறிட்டாங்களா?"

நான் தலையசைத்தேன்.

"இந்த வாசலுக்கு நான் முட்டி போட்டு வந்திருக்கேன்," என்றார் அவர், மிகவும் மெதுவாக. "போன்ல பேசினவர் ஊர் பேரை மட்டும்தான் சொன்னார். வீட்டைச் சொல்லியிருந்தா வந்திருக்கவே மாட்டேன். இப்பக்கூட ஒண்ணும் கெட்டுப்போகல. ஆர்கனை மட்டும் வாசிக்கச் சொல்லிட்டு நான் வண்டிக்குள்ள உட்கார்ந்துக்கிறேன். காசு ஒண்ணும் வேண்டாம்."

"உங்க முகத்தை யாரும் பார்க்கலையே," என்றேன் நான்.

"முகத்துக்கு முக்காடு இருந்துச்சு. குரலுக்கு இல்லையே."

நான் விரைந்து சென்று என் கணவரிடம் கூறினேன். அவர் மாப்பிள்ளையின் பெரியப்பாவுக்கு மது ஊற்றிக்கொண்டிருந்தார். முகத்தில் இருந்த புன்னகையை மாற்றாமலேயே என்னைச் சற்று ஒதுக்கி அழைத்துச் சென்றார்.

"மூணு வருஷத்துக் குரல் யாருக்கு ஞாபகம் இருக்கும்? அன்னிக்கு அழுகை, இன்னிக்குப் பாட்டு. இப்போ போய் நிறுத்தினா இவங்ககிட்ட என்ன காரணம் சொல்றது? சாவு வீட்டுல அழறவளைக் கூட்டிட்டு வந்துட்டோம்னா?"

"மாமாவுக்கு..."

"அப்பா தூங்கறார். பிக்ஹா கேட்டது ஒண்ணே ஒண்ணு. அப்பா பேரை மைக்ல சொல்லணும். ஆர்கன் சொல்லுமா அதை? பாடச் சொல்லு."

அவர் கூறியதில் தவறு இருப்பதாக எனக்கு அப்போது தோன்றவில்லை. நான் அந்த அம்மையாரிடம் திரும்பிச் சென்று, மணமகளின் தந்தையின் பெயரை மறக்காமல் சொல்லும்படி மட்டும் கேட்டுக்கொண்டேன். அவர் மேலங்கியைக் கழற்றி ஓட்டுநரிடம் கொடுத்துவிட்டு மேடைமேல் ஏறினார்.

விருந்து நேரத்தில் மாமனாருடன் இருக்க வேண்டியவள் நான். அறைக்குச் சென்று, பிக்ஹா சொல்லியிருந்தபடி சன்னலை ஒரு சாண் அளவுக்குத் திறந்துவைத்தேன். ஈரப் பஞ்சினால் அவருடைய உதடுகளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது வெளியே பட்டாசு வெடித்து ஓய்ந்தது. அதன்பின் ஒலிபெருக்கியில் அந்தக் குரல் எழுந்தது.

"திங் பூலியோங் அவர்களின் அன்பு மகள் பிக்ஹா..."

அவ்வளவுதான் எனக்குக் கேட்டது. அந்த அம்மையார் தம்மால் இயன்றவரை மகிழ்ச்சியாகத்தான் சொன்னார் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் பல ஆண்டுகள் ஒரே வேலையைச் செய்த தொண்டை அது. ஒவ்வொரு பெயரின் இறுதியையும் அது நீட்டியது. நீட்டிய இடத்தில் நடுங்கியது. என் கையிலிருந்த பஞ்சு நின்றது.

மாமனார் கண்களைத் திறந்தார்.

"பிக்ஹா வந்துட்டா," என்றார்.

"ஆமா மாமா. இன்னிக்குப் பிக்ஹாவுக்குக் கல்யாணம். உங்க பேரைச் சொன்னாங்க. கேட்டுச்சா?"

"என் பேரைச் சொல்லி அழறா."

"அழல மாமா. அது பாட்டுக்காரம்மா. விருந்து நடக்குது. வறுத்த சிப்பி வாசனை வரல உங்களுக்கு?"

"எனக்கு ஒண்ணும் வாசனை வரல." நான் சொன்னது எதுவும் அவரைச் சென்றடைந்ததாகத் தெரியவில்லை. அவர் முகத்தில் அச்சம் இல்லை. நெடுநேரம் காத்திருந்த பேருந்து வந்துவிட்டவரைப் போலிருந்தார். "எப்போ போனேன்? காலையிலயா? ஒரு வலியும் தெரியலையே."

வெளியே ஆர்கன் துள்ளலாக ஒரு காதல் பாட்டைத் தொடங்கியது. குரல் அதைப் பின்தொடர்ந்தது. மேசைகளிலிருந்து கைதட்டல் கேட்டது.

நான் அவர் கையை எடுத்து என் கன்னத்தில் வைத்துக்கொண்டு, "மாமா, நீங்க போகல. என் சூடு தெரியுதா? நான் உங்க மருமகதான்," என்றேன்.

"நல்ல பொண்ணு நீ," என்றார் அவர். பிறகு மீண்டும் செவியைச் சன்னலின் பக்கம் திருப்பினார். "அவங்கம்மாவுக்கு அழுத மாதிரியே அழறா பாரு. ஊரே கேட்கும்."

பிக்ஹாவை அழைத்து வரலாமா என்று எழுந்து சன்னல் வழியே பார்த்தேன். வாடகைச் சிவப்பு உடுப்பில், மாப்பிள்ளையுடன் மேசை மேசையாகச் சென்று குவளையை உயர்த்திக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு முறை குனிந்து நிமிரும்போதும் அவள் எங்கள் சன்னலைப் பார்த்துச் சிரித்தாள். தன் எண்ணம் நிறைவேறிவிட்டது என்ற சிரிப்பு அது. அவளை உள்ளே அழைத்துவந்து இதைக் கேட்கச் செய்வதற்கு எனக்குத் துணிவு வரவில்லை. சன்னலைச் சாத்தச் சென்றேன்.

"சாத்தாதே," என்றார் மாமனார். சிறிது நேரம் கழித்து, "தரை சில்லுன்னு இருக்குமே. முட்டி போட்டுட்டா இருக்கா?" என்று கேட்டார்.

நான் போர்வையை அவர் கழுத்துவரை இழுத்துவிட்டேன்.

"கல்லு குத்தும். போதும்னு சொல்லு. எழுந்திருக்கச் சொல்லு."

"சொல்றேன் மாமா."

"இப்பவே சொல்லு."

நான் கதவுவரை சென்று, ஒருவரும் இல்லாத நடையைப் பார்த்துச் சற்று நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன். "எழுந்துட்டா மாமா," என்றேன்.

அவர் கண்களை மூடிக்கொண்டார்.

பெண் வீட்டு விருந்தில் கடைசிப் பதார்த்தம் வருமுன் மாப்பிள்ளை வீட்டார் எழுந்துவிட வேண்டும். ஒருவரும் விடை சொல்லிக்கொள்ளக் கூடாது. சொன்னால் இன்னொரு கல்யாணம் நேரும் என்பார்கள். மணமகளும் திரும்பிப் பார்க்கக் கூடாது. பிக்ஹா என்னைக் கடந்து செல்லும்போது, வேறெங்கோ பார்ப்பவளைப் போல, "அண்ணி, அப்பாவுக்குக் கேட்டுச்சா?" என்றாள்.

"கேட்டுச்சு."

"என்ன சொன்னார்?"

"உன் பேரைச் சொன்னார். நீதான் வந்திருக்கேன்னு சொன்னார்."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு காரில் ஏறினாள். கார் நகர்ந்ததும், பிறந்த வீட்டுப் பிடிவாதங்களை விட்டுச்செல்வதன் அடையாளமாக, சன்னலிலிருந்து விசிறியை வழக்கப்படி கீழே போட்டாள். கொட்டிய நீரைப்போல் போன பெண்ணும் திரும்பி வரக் கூடாது என்பதற்காக, என் கணவர் ஒரு வாளித் தண்ணீரைத் தெருவில் ஊற்றினார். லாரியின் கதவை மூடிக்கொண்டிருந்த அந்த அம்மையார் எங்கள் சன்னலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கூலியை வாங்கிக்கொள்ளவில்லை. என் கணவர் அதைப் பெரிய உதவியாகக் கருதினார்.

அதன்பின் மாமனார் எதையும் வாயில் வாங்கவில்லை. தாம் ஏற்கெனவே இறந்துவிட்டதாகவே அவர் நம்பினார். கஞ்சியை நீட்டினால், செத்தவனுக்கு எதற்கு என்று மரியாதையாக மறுத்தார். அந்த மாதம் முடிவதற்குள் அவர் எண்ணியது உண்மையாயிற்று.

மணமாகிச் சென்ற மகள் தந்தையின் சாவுக்குத் தெருமுனையிலிருந்து அழுதுகொண்டே முழங்காலில் வர வேண்டும். வீட்டிலிருந்து ஒருவர் எதிரே சென்று அவளைத் தூக்கிவிட வேண்டும். பிக்ஹா வந்தாள். இம்முறை அவளுக்குக் குரல் எழும்பியது. ஆனால் வாடைக்காற்றில் அது பாதித் தெருவைக்கூடத் தாண்டவில்லை.

"அன்னிக்கு அவளுக்காக அழ வந்தவ அளவுக்கு வரல," என்று அத்தை என் காதருகே முணுமுணுத்தார். அவர் கண்களும் நனைந்துதான் இருந்தன. "பரவாயில்ல. எங்கண்ணனுக்குத்தான் இனிமே கேட்காதே."

நான் எதிரே சென்றேன். பிக்ஹாவின் முழங்கால் துணி கிழிந்து, சரளைக் கல் தோலில் பதிந்திருந்தது. அவளைத் தோளில் பிடித்துத் தூக்கினேன்.

"எழுந்திரு, பிக்ஹா. கல்லு குத்தும்."

"அப்பா கேட்டிருப்பாரா, அண்ணி?" என்றாள் அவள்.

"எல்லாம் கேட்டுட்டார்," என்றேன்.