எர்சீலியாவின் மகள் எந்தப் பள்ளிக்கு?

மருந்துக்கடைச் சுவரில் எர்சீலியா தன் கையால் ஒட்டிய சுவரொட்டியின் மேல் சனிக்கிழமை காலையில் வேறொன்று ஒட்டியிருந்தது. பசை இன்னும் காயவில்லை. பெற்றோரும் பிள்ளைகளும் வந்து பார்க்க, தொழிற்பள்ளியின் திறப்பு நாள் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். அவள் பாடம் நடத்தும் பள்ளி தன் திறப்பு நாளுக்குக் குறித்திருந்த அதே ஞாயிறு, அதே நேரம். நகத்தால் ஒரு மூலையைக் கிளப்பி ஒரே இழுப்பாக இழுத்தாள். அடியிலிருந்த அவளுடைய சுவரொட்டியும் சேர்ந்து கிழிந்து கையோடு வந்தது.

எதிர்ப்பக்கத்துக் காப்பிக்கடை வாசலில் வீத்தோ லக்காவா நின்றுகொண்டிருந்தான். தொழிற்பள்ளிக்குப் பிள்ளை பிடிக்கும் வேலை அவனுடையது. சிறு வயதில் இருவரும் ஒரே வகுப்பு.

"செத்த பாஷைக்கு எதுக்கு எர்சீலியா இவ்வளவு பசை?"

"ராத்திரியோட ராத்திரியா வந்து ஒட்டுறவன்லாம் பேச வந்துட்டான்."

"ராத்திரி ஒண்ணும் இல்ல. இப்பதான் ஒட்டினேன். நீ தூங்கிட்டு இருந்திருப்ப." காப்பியை ஒரு மடக்கு குடித்தான். "உன் பொண்ணு போன மாசம் எங்க பள்ளிக்கூடத்துக்கு வந்தாளே, சொன்னாளா? கை நடுங்காம ஈயம் வச்சு ஒயர ஒட்டினா. நல்ல கை."

மகள் நிவேஸ் சொல்லவில்லை. அன்று தோழி வீட்டில் கணக்குப் போடப் போவதாகத்தான் சொன்னாள். ஆனால் அதை லக்காவாவிடம் காட்டிக்கொள்ள எர்சீலியாவுக்கு மனமில்லை. எல்லாம் தெரியும் என்று சொல்லிவிட்டு, கிழிந்த தாளைச் சுருட்டியபடி நடந்தாள்.

மோந்தெசெல்வா மலையூர். இளம் தம்பதிகள் வடக்கே போய்ச் சேர்ந்துவிட, நடுப்பள்ளி முடிக்கும் பிள்ளைகள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வந்தார்கள். இருக்கிற சிலரை ஊரின் இரண்டு மேல்நிலைப் பள்ளிகளும் ஜனவரி மாதத்தில் பங்குபோட அடித்துக்கொள்ளும். எர்சீலியா கிரேக்கமும் லத்தீனும் நடத்தும் பழைய பள்ளியில் இந்த முறை முதலாண்டு வகுப்புக்குப் போதிய பிள்ளைகள் சேராவிட்டால் ஓர் ஆசிரியர் வேறூருக்குப் போயாக வேண்டும். கடைசியாக வந்து சேர்ந்தவள் அவள்தான். தலைமையாசிரியர் கிரிப்போ அதை வாரம் தவறாமல் அவளுக்கு நினைவூட்டி வந்தார். வரும் குடும்பங்களை நிவேஸ் பண்டைக் கிரேக்க உடையில் வாசலில் நின்று வரவேற்க வேண்டும் என்பதும், யாராவது கேட்டால் மகள் இங்கேதான் சேரப்போகிறாள் என்று சொல்ல வேண்டும் என்பதும் அவர் ஏற்பாடு. மகளைக் கேட்காமலே எர்சீலியா சரி என்றிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்.

"அங்க போனியாடி?"

"போனேன்."

"எங்கிட்டச் சொல்லாம?"

"சொன்னா விட்டிருப்பியா?"

அன்று மதியம் அடுப்பில் பாஸ்தா குழைந்து போகும்வரை சண்டை நடந்தது. மகள் எதிராளியின் பட்டறையில் போய் நின்றதைவிட, அதை லக்காவாவின் வாயால் கேட்க நேர்ந்ததுதான் எர்சீலியாவுக்கு எரிந்தது. அந்த உடையைப் போட்டுக்கொண்டு நிற்கத் தான் என்ன கடைப் பொம்மையா என்று நிவேஸ் கேட்டாள். எர்சீலியா அவளுடைய போனைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினாள். அதுவும் போதாமல், நாளைக்கு வராவிட்டால் ஈஸ்டருக்கு டூரினில் இருக்கும் அப்பாவிடம் போகவே முடியாது என்றாள். கணவன் பிரிந்து போன நாளிலிருந்து இந்த ஓர் ஆயுதத்தை எடுப்பதில்லை என்று வைத்திருந்தவள் அவள்.

நிவேஸ் முகம் வெளுத்துப் போனாள். "வர்றேன். ஆனா சிரிக்கல்லாம் மாட்டேன்."

ஞாயிறன்று பள்ளியின் பெரிய கூடத்தில் கணப்பு சரியாக எரியவில்லை. மேசையில் பாதாம் பிஸ்கட்டுகளை அடுக்கிவிட்டு, கிரிப்போ கழுத்துப்பட்டையைத் தடவியபடி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளைத் துணியைச் சுற்றிக்கொண்டு குளிரில் கைமயிர் குத்திட்டு நின்ற நிவேஸை அவர் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. தெருவுக்கு அந்தப் பக்கம் தொழிற்பள்ளியின் ஒலிபெருக்கி பாடிக்கொண்டிருந்தது. போகிற கூட்டத்தில் பாதி அங்கேயே நின்றுவிட்டது. இங்கே வந்தவை நாலைந்து குடும்பங்கள்.

எர்சீலியா பேசினாள். அவளுக்குப் பேச வரும். ஒரு சொல்லைப் பிரித்து, அதன் வயிற்றுக்குள்ளிருந்து இன்னொரு சொல்லை எடுத்துக் காட்டியபோது பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். அந்த நேரத்தில் பேக்கரிக்காரி கார்மெலினா கையைத் தூக்கினாள். யாரிடமும் பயம் கிடையாது அவளுக்கு.

"டீச்சர், எல்லாம் நல்லாத்தான் இருக்கு. உங்க பொண்ணும் இந்த வருஷம் சேரணும்ல? அவ எங்க சேர்றா?"

கிரிப்போ தொண்டையைக் கனைத்தார்.

"இங்கதான்," என்றாள் எர்சீலியா.

"இல்ல," என்று வாசலிலிருந்து குரல் வந்தது. எல்லாத் தலைகளும் திரும்பின. நிவேஸ் சத்தம் போடவில்லை. "நான் இங்க சேரல. அம்மா என்னைக் கேக்கவே இல்ல. இந்தத் துணியக்கூட மிரட்டித்தான் போட வச்சாங்க."

கார்மெலினா தன் மகளின் தோளைத் தொட்டு எழுப்பினாள். போகும்போது நிவேஸைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனாள். மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கோட்டை மாட்டினார்கள். பிஸ்கட்டை யாரும் தொடவில்லை.

கூடம் காலியாவதற்குள் கிரிப்போ ஆரம்பித்துவிட்டார். பெற்ற பெண்ணையே அடக்கத் தெரியாதவள் வகுப்பை எப்படி அடக்குவாள் என்றார். இந்தப் பள்ளிக்கு இனி ஆகப்போகும் கேட்டுக்கெல்லாம் அவள்தான் பொறுப்பு என்றார். எர்சீலியா தலைகுனிந்து கேட்டுக்கொண்டாள். பிறகு அவர் நிவேஸ் பக்கம் விரலை நீட்டினார்.

"இந்தப் பொய்க்காரிய முதல்ல வெளிய அனுப்பு."

"அவ பொய் சொல்லல சார். பொய் சொன்னது நான். சொல்லச் சொன்னது நீங்க."

"யார்கிட்டப் பேசுற, தெரியுதா?"

"தெரியுது. அந்த விரல மடக்குங்க."

மகளின் கோட்டை எடுத்து அவள்மேல் எறிந்துவிட்டுக் காரை நோக்கி நடந்தாள். மகளுக்காகப் பேசியதால் மகள் மேலிருந்த கோபம் தணிந்துவிடவில்லை. முதல் திருப்பத்திலேயே வெடித்தது. இப்போது திருப்தியா என்று கேட்டாள். லக்காவா இனி காப்பிக்கடையில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான், ஊரே சிரிக்கும் என்றாள். அவர் சிரித்தால் எனக்கென்ன, அப்பாவைப் பார்க்க விடமாட்டேன் என்று சொன்னது நீதானே என்றாள் நிவேஸ்.  அது உண்மை என்பதால் எர்சீலியாவுக்கு இன்னும் கோபம் வந்தது.

மாதக் கடைசியில் கிரிப்போ போன் செய்தார். குரலில் தேன் வழிந்தது. வகுப்பு சேர இன்னும் ஒரே ஒரு பெயர்தான் குறைகிறது, பிள்ளையைப் பதிவு செய்வது தாயின் கையில்தானே இருக்கிறது, பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கு என்ன தெரியும் என்றார். யோசிக்கிறேன் என்று சொல்லி வைத்தாள். யோசிக்கவும் செய்தாள். கணினி முன் உட்கார்ந்து, மகளின் சேர்க்கைப் படிவத்தில் தன் பள்ளியின் பெயரைத் தேர்ந்தெடுத்து, அதைப் பார்த்தபடி வெகுநேரம் இருந்தாள். அவளுடைய வேலை, அவளுடைய கிரேக்கம், லக்காவாவின் சிரிப்பு எல்லாம் ஒரு பொத்தானில் இருந்தன. பிறகு அதை அழித்துவிட்டுத் தொழிற்பள்ளியைப் போட்டாள். பெரிய மனதோடு செய்யவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, ஆணி அடிப்பதுபோல் விசைகளைத் தட்டினாள்.

அந்த ஆண்டு முதலாண்டு வகுப்பு சேரவில்லை. செப்டம்பரில் அவளை இரண்டு மலை தாண்டி ஒரு நடுப்பள்ளிக்குப் போட்டார்கள். அங்கே கிரேக்கம் கிடையாது. ஜன்னலையே பார்க்கும் பிள்ளைகளுக்கு இத்தாலிய இலக்கணம் நடத்தினாள். லக்காவா ஒருமுறை பேருந்து நிறுத்தத்தில் வணக்கம் சொன்னான். உன் பொண்ணு கெட்டிக்காரி என்றான். அவள் கேட்காததுபோல் ஏறிக்கொண்டாள்.

அக்டோபரில் ஒருநாள் நிவேஸ் பள்ளிப் பட்டறையில் விரலைச் சுட்டுக்கொண்டு வந்தாள். காட்டு என்றால் ஒன்றுமில்லை என்று மறைத்தாள். எர்சீலியா கையைப் பிடித்து இழுத்துக் களிம்பை அழுத்தித் தடவினாள்.

"இன்னும் கோவமா?" என்று கேட்டாள் நிவேஸ்.

"ஆமா."

"எம்மேலயா?"

"உம்மேலயும்தான்."

நிவேஸ் கையை இழுத்துக்கொள்ளவில்லை. எர்சீலியா துணிக்கட்டு இருக்கிறதா என்று தேடப் போனாள்.