ஏலத்துக்கு வந்த மதியத் தூக்கம்

1

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. சத்தியம் பண்ணக் கூடாது என்று வேதத்தில் சொல்லியிருப்பதால், சத்தியம் பண்ணாமலே சத்தியமாகச் சொல்கிறேன். எழுபத்தாறு வயதில் பொய் சொல்லி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை, பழக்கதோஷம் தவிர.

கதை பிறந்த இடம் எங்கள் ஊர் லுத்தரன் கோயில். மயிலாடுதுறையிலிருந்து பேருந்தில் முக்கால் மணி நேரம். போன மாசியில் அறுப்பின் பண்டிகை. நெல்கட்டு, பூசணி, வாழைத்தார், காலைக் கட்டிப்போட்ட சேவல்கள் என்று பீடத்தின் முன்னால் காணிக்கை குவிந்து கிடந்தது. நடுவே மூடி போட்ட எவர்சில்வர் தூக்கு ஒன்று. திறந்து பார்த்தவர்கள் உள்ளே ஒன்றுமில்லை என்றார்கள்.

"யாரோடது?" என்று கேட்டேன்.

"என்னுது" என்றார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜெக்கரியா.

அவர் சொன்னது அந்த ஒரு வார்த்தைதான். மீதி எனக்கு எப்படித் தெரியவந்தது என்று எழுதினால் கதை நீண்டுவிடும்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "காவிரி அன்று பொன்னை உருக்கி ஊற்றியதுபோல்". அடித்துவிட்டேன். மாசியில் எங்கள் பக்கம் காவிரியில் மணல்தான் ஓடும்.

அடுத்து இப்படி: "ஃபெபி இறந்த அன்று காலை, அடுப்பில் பால்"

[இந்த வாக்கியம் வேண்டாம். நான்கு முறை எழுதிப் பார்த்தாயிற்று. பாலைத் தாண்டிப் போக மாட்டேன் என்கிறது.]

கடைசியில் இது நின்றது: ஜெக்கரியா மதியம் தூங்குகிறவர்.

சாதாரணத் தூக்கம் இல்லை. சாப்பிட்டுக் கை கழுவிப் படுத்தால், கண் மூடுவதற்குள் அவர் ஒரு வாய்க்கால் கரையில் நிற்பார். கோடையானாலும் அந்த வாய்க்காலில் தண்ணீர் ஓடும். கரையில் அவர் மனைவி ஃபெபி உட்கார்ந்து, காலைத் தண்ணீரில் விட்டிருப்பாள். அவள் போய் இரண்டு வருஷம். அதற்குப் பிறகும் ஒரு நாள்கூடத் தவறவில்லை. கொண்டையைக் கொஞ்சம் இடதுபக்கம் சாய்த்துப் போட்டிருப்பாள். சேலையில் முழங்கால் பக்கம் மஞ்சள் கறை இருக்கும், கையைத் துடைக்கிற இடம் அது.

(இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். எழுதுகிறவனுக்குத் தெரியும்.)

3

இங்கே கொஞ்சம் கட்டுரை. விரும்பாதவர்கள் தாண்டிப் போகலாம்.

ஆட்டையும் மாட்டையும் எரித்துப் புகையாக்கிக் கடவுளுக்கு அனுப்பிய காலம் முடிந்துவிட்டது. இப்போது நம்மையே ஜீவபலியாகக் கொடுக்க வேண்டும் என்பது போதனை. எங்கள் சபை இதற்கு ஒரு சௌகரியமான வழி கண்டுபிடித்தது. ஆராதனை முடிந்ததும் காணிக்கைப் பொருளைக் கோயில் வாசலில் ஏலம் விடுவார்கள். கொடுத்தவரே தன் பொருளைத் திரும்ப எடுக்கலாம். அவர் வாய் திறந்தால் மற்றவர்கள் போட்டிக்கு வராமல் வாயை மூடிக்கொள்வது வழக்கம். கடவுளுக்குக் கொடுத்தாயிற்று, சேவலும் வீட்டுக்கு வந்தாயிற்று.

[அடிக்குறிப்பு, அடியில் இடமில்லாததால் இங்கேயே: சபைச் செயலாளர் துரைராசு வீட்டுச் சேவல் ஆறு வருஷம் இப்படிப் பீடத்துக்குப் போய்த் திரும்பியது. ஏழாவது வருஷம் யாரும் தூக்கிப் போகாமலே முதல் மணிக்குக் கோயிலுக்கு வந்து முன்வரிசையில் நின்றது. பார்த்த சாட்சிகள் இருந்தார்கள். இறந்துவிட்டார்கள்.]

4

ஜெக்கரியா நாலு மா நிலம் குத்தகைக்குப் பார்க்கிறார். தை மழையில் சாய்ந்த கதிர், நின்ற தண்ணீரிலேயே முளைத்துப் போயிற்று. பண்டிகைக்கு முந்தின மதியம் வாய்க்கால் கரையில் ஃபெபி கேட்டாள்.

"நாளைக்கு என்ன கொண்டு போறீங்க?"

"என்ன இருக்கு கொண்டு போக?"

"ஒரு தேங்காயாவது வாங்கிட்டுப் போங்க."

"பேராவூரணிக்காரன் தோப்புல காய்ச்சதை நான் கொண்டு வச்சா, அது அவன் காணிக்கை."

"இந்த ரோஷத்துக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல." தண்ணீரைக் காலால் ஒரு தட்டுத் தட்டினாள். "அப்ப என்னைக் கொண்டு போங்க."

"உன்னையா?"

"வேற என்ன வச்சிருக்கீங்க?"

ஜெக்கரியா அவள் பக்கத்தில் உட்கார்ந்து, தானும் காலைத் தண்ணீரில் விட்டார். (இந்த இடத்தில் அவர் அழுதார் என்று எழுதியிருந்தேன். அவரைப் பார்த்தால் அழுகிறவராகத் தெரியவில்லை என்பதால் எடுத்துவிட்டேன். அழுகை இன்னும் என் மேசை மேல்தான் கிடக்கிறது.) பிறகு எழுந்தார். விழித்ததும் கண்ணில் மிச்சமிருந்த தூக்கத்தைச் சிந்தாமல் தூக்கில் இறக்கி மூடினார்.

5

தூக்கைப் பீடத்தின் முன் வைத்தபோது மூடி சற்று நெகிழ்ந்துவிட்டது. முதல் மூன்று வரிசையும் தூங்கியது. அப்போது பிரசங்கம் நடந்துகொண்டிருந்ததே, அதனால் இருக்கலாமே என்பீர்கள். இருக்கலாம். ஆனால் மூன்று வரிசைக்கும் ஒரே கனவு. நடுக்கோயிலில் வாய்க்கால் ஓடியது. பெஞ்சுகளுக்கு இடையில் நாற்று, இரண்டு விரல் உயரத்துக்கு. கொக்கு ஒன்று போதகரின் அங்கியை மீன் என்று நினைத்து மெதுவாகக் கொத்தியது. விழித்தபோது எல்லோருடைய கணுக்காலும் ஈரமாக இருந்தது. ஒருவரும் அதைப் பற்றி அடுத்தவரிடம் கேட்கவில்லை. லுத்தரன்கள் அப்படித்தான்.

6

வாசலில் ஏலம். துரைராசு தூக்கை உயர்த்திப் பிடித்தார்.

"ஜெக்கரியா அண்ணனோட மதியத் தூக்கம். கூடவே ஃபெபி அக்கா. யாரு கேக்குறீங்க?"

யாரும் கேட்கவில்லை. ஜெக்கரியா வாய் திறக்கட்டும் என்று சபை முழுவதும் காத்திருந்தது. அவர் ஒரு சொல் சொன்னால் போதும். தூக்கு அவர் கையில். நாளை மதியம் அவள் கரையில் இருப்பாள். சொல்லாவிட்டால் இனி எந்த மதியமும் இல்லை. அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வருஷம்தான் முதல் தடவையாகச் சேவல் எடுக்க லோடு வேனில் வந்திருந்த கோழி வியாபாரி ஜெகபர் அலிக்கு எங்கள் வழக்கம் தெரியாது.

"நல்ல தூக்கமாங்க?"

"கலப்படமில்லாதது பாய்."

"வண்டி ஓட்டுறவனுக்கு ஆகுமா?"

"வண்டியை நிப்பாட்டிட்டுன்னா ஆகும்."

"ஒரு தரம்" என்றார் துரைராசு.

7

இங்கிருந்து மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

ஜெக்கரியா திரும்ப எடுக்கிறார். மறுநாள் ஃபெபி முகத்தைத் திருப்பிக்கொண்டு, "சேவல் மாதிரி என்னையும் வாங்கிட்டு வந்துட்டீங்களா?" என்கிறாள். ஆனாலும் நகர்ந்து இடம் விடுகிறாள். இதை எழுதியபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. அதனாலேயே கிழித்தேன்.

ஜெகபர் அலி எடுக்கிறார். இரண்டாம் நாள் ஜெக்கரியாவுக்கு அவரிடமிருந்து போன் வருகிறது. "அண்ணே, ஒரு அக்கா கரையில உக்காந்திருக்காங்க. நீங்க சாப்பிட்டீங்களான்னு மட்டும் கேட்டுச் சொல்லச் சொன்னாங்க. வேற ஒரு வார்த்தை பேசல." அதன் பிறகு தினமும் அதே நேரத்துக்கு அழைக்கிறார். ஜெக்கரியா சாப்பிட்டேன் என்கிறார். இதில் பலி எங்கே போயிற்று என்று... இதையும் அடித்துவிட்டேன்.

ஒருவரும் எடுக்கவில்லை. தூக்கு பீடத்துக்கே போகிறது. இதுதான் சரியான பலி என்று போதகர் சொல்வார். என் புத்திக்கும் அப்படித்தான் படுகிறது. ஆனால் ஜெக்கரியா வீட்டுக்கு நடந்து போகிற அந்த அரைக் கிலோமீட்டரை எழுத எனக்குத் தெம்பில்லை. அவருக்கு இருந்திருக்கலாம்.

துரைராசு "ரெண்டு தரம்" என்று சொல்லிவிட்டார். தூக்கு இன்னும் அந்தரத்தில் இருக்கிறது. மூன்றாம் தரத்தை நான் சொல்லப் போவதில்லை, நீங்கள் சொல்லிக்கொள்ளுங்கள்.

சொல்வதற்கு முன் ஒரு தகவல். ஜெக்கரியாவுக்குக் கல்யாணமே ஆகவில்லை. அந்தப் பால் இருந்தது என் வீட்டு அடுப்பில்.