என் வீட்டு வாசலில் தாவீது

"கழட்டுடி அத மொதல்ல" என்று நான் கத்த, "எம் பொண்ணு வரைஞ்சத கழட்டச் சொல்ல நீ யாரு, இன்னா, இந்தச் செவுத்துக்கு உம்பேர்ல பட்டா கீதா" என்று எதிர்வீட்டுப் பாப்பம்மாள் அதற்கு மேல் கத்த, படம் பார்க்க வந்த பிள்ளைப்பாக்கமே எங்களைப் பார்க்கத் திரும்பிவிட்டது... சுதந்திர தினத்துக்கு இளைஞர் மன்றம் பள்ளிக்கூடத்தில் வைத்த ஓவியக் கண்காட்சி, ஏரி, தேர், கன்றுக்குட்டி என்று எழுதி ஒட்டியதால் மட்டுமே கன்றுக்குட்டியான ஒரு நாய், எல்லாம் சரி, இவள் மகள் சசிகலாவுக்கு வரைய என் வாசல்தானா கிடைத்தது, அதே கிரில் கதவு, படியில் உட்கார்ந்து சைக்கிள் துடைக்கும் தாவீது, மூக்கும் முழியுமாக... எங்கள் வீட்டில் வாடகைக்கு யாருமே இருந்ததில்லை என்று போலீசிடம் நான் சொன்ன அதே தாவீது.

ஏன் சொன்னேன்? மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்த பிறகு வீடு வீடாக வந்து வெளியாள் உண்டா என்று கேட்டார்களே, யார்தான் உண்மை சொன்னார்கள்... பாவம், நாகர்கோவில் பக்கத்து வெல்டர், "எனக்க ஊரு" என்பான், சிலோன்காரன் மாதிரி பேசுறான் பாருங்க என்று குழாயடியில் நான்தான் சும்மா சிரிப்புக்காகச் சொன்னேன், சித்திரையில் சிரித்த அதே பேச்சு வைகாசியில் என்னைத் தூங்கவிடவில்லை, ஒரே காலையில் பெட்டியைக் கட்ட வைத்தேன், "நான் என்ன தப்பு செய்தேன் அக்கா" என்றான், பஸ்ஸுக்கு நேரமாச்சு என்றேன்... ஐயோ, சப்-இன்ஸ்பெக்டர் உள்ளே வருகிறாரே, இப்போதெல்லாம் நாலு பேர் கூடினால் வந்துவிடுகிறார்கள், வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தவர் அங்கேதான் நிற்கிறார், என்னைக் கூட்டிப்போனால் என் வீட்டுக்காரர் எந்த ஸ்டேஷனில் தேடுவார்... "யாரும்மா இந்த ஆளு?" சசிகலா நிமிர்ந்து, "அப்படி யாரும் கிடையாது சார், மனசுலேர்ந்து வரைஞ்சது" என்றாள். தெருவே அங்கே நின்றது, அவனோடு டீ குடித்தவர்கள், ஒரு வாய் திறக்கவில்லை, பாப்பம்மாள்கூட, என் குடுமி அவள் கையில் சிக்கியும். அவர் படத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு ஜீப் சத்தம் கேட்டாலே கிரில் கதவைப் பூட்டிக்கொண்டேன், யாரும் வரவில்லை, மன்றமும் படம் மாட்டுவதை விட்டுவிட்டது, எனக்காகப் பொய் சொன்ன பெண் என்று சசிகலாவுக்கு ஒரு புடவைகூட வாங்கி வைத்தேன், அதைக் கொடுக்கப் போனபோதுதான் ஏனோ அந்தப் படம் கண்ணுக்குள் வந்தது, தாவீதுக்கு இடது புருவத்தில் மயிரிழைத் தழும்பு ஒன்று போட்டிருந்தாள், ஒரு வருஷம் அவனுக்குக் குழம்பு ஊற்றிய நான் பார்க்காத தழும்பு, எவ்வளவு கிட்டத்தில் நின்றால் அது தெரியும்... எனக்காகத்தான் சொன்னாளா? கேட்க வாய் வரவில்லை, எனக்கு, வாய் வரவில்லை. தையில் அவளை வடக்குப்பட்டு ரகுபதிக்குக் கட்டிக்கொடுத்தார்கள், பங்குனியில் நாங்கள் சிங்கப்பெருமாள் கோவிலுக்குக் குடிபோய்விட்டோம், தாவீது எங்கே இருக்கிறான் என்று மட்டும் யாருக்கும் தெரியவில்லை.