திரை காட்டிய மைலேஜ்

ஆயுத பூஜையன்று முதலாளி தீனதயாளன் தன் கையாலேயே செங்கல்வராயனுக்கு மாலை போட்டார். செங்கல்பட்டு பைபாஸ் ஓரத்து ஷெட்டில் டிரைவர்கள் எல்லோரும் சுற்றி நின்றிருந்தார்கள்.

“லிட்டருக்கு அஞ்சு பாயிண்ட் ஒண்ணு! நம்ப கம்பெனியில எவனும் காட்டாத மைலேஜ். வண்டின்னா இப்டி ஓட்டணும்” என்று அவர் சத்தமாகச் சொன்னார். பிறகு யார் பெயரையும் சொல்லாமல், அப்துல் அஹத் நின்ற பக்கமாகப் பார்த்து, “சில பேருக்கு நாலு தாண்டறதுக்கே நாக்கு தள்ளுது” என்றார். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அஹதும் சேர்ந்து சிரித்தான்.

செங்கல்வராயன் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. கூச்சப்படுகிறான் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

டைல்ஸ், சிமெண்டு மூட்டை, ஹாலோ பிளாக் என்று மாமல்லபுரத்திலிருந்து முட்டுக்காடு வரை கடற்கரையோரம் எழும்பும் கட்டடங்களுக்கு ஏற்றிப்போவது தீனதயாளனின் லாரிகளுக்கு வேலை. எல்லா வண்டிக்கும் டீசல் ஒரே பங்க்கில். பில் மாதக் கடைசியில் மொத்தமாகத்தான் வரும். எந்த வண்டி எவ்வளவு குடிக்கிறது என்று தெரிந்துகொள்ள அவர் ஒரு வழி வைத்திருந்தார். ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருக்கும் சின்னத் திரையில் மைலேஜ் தெரியும். தினமும் சாயங்காலம் அதைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட வேண்டும்.

ஆடி மாதம் செங்கல்வராயன் வண்டியில் ஏதோ சென்சார் கோளாறு. ஒர்க்‌ஷாப்பில் வேறு மாற்றிக் கொடுத்தார்கள். அதுவரை நாலு சொச்சம் காட்டிக்கொண்டிருந்த திரை மறுநாளே ஐந்தைத் தாண்டியது. அவனுக்கே நம்பிக்கை வரவில்லை. டேங்க்கை வாய் வரை நிரப்பி ஓட்டினான். மறுபடி வாய் வரை நிரப்பி, ஓடிய கிலோமீட்டரை, பிடித்த லிட்டரால் வகுத்துப் பார்த்தான். நாலு பாயிண்ட் இரண்டு. இன்னொரு முறையும் செய்தான். அதே நாலு பாயிண்ட் இரண்டு.

சொல்லிவிடலாம் என்றுதான் அன்று ஷெட்டுக்குப் போனான். அதற்குள் போட்டோவைப் பார்த்துவிட்ட முதலாளி வாசலுக்கே வந்து தோளில் தட்டினார். இத்தனை வருஷத்தில் அவர் அவனைத் தொட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டான். அவன் மனைவி வேண்டா அந்த வாரமே தன் தங்கைகளுக்கெல்லாம் போன் போட்டுச் சொல்லி முடித்தாள். அதற்கப்புறம் வாயைத் திறப்பது இன்னும் கஷ்டமாகிப் போனது.

பூஜை முடிந்ததும் அஹதைக் கடற்கரை லைனிலிருந்து எடுத்து, அச்சரப்பாக்கம் பக்கம் குவாரியில் ஜல்லி ஏற்றப் போட்டார் முதலாளி. புழுதியும் பள்ளமுமான ரோடு. இருக்கிற மைலேஜும் அங்கே இறங்கும் என்று எல்லோருக்கும் தெரியும். அஹத் டீசலை வெளியே விற்கிறான் என்றுகூட டீக்கடையில் ஒரு பேச்சு கிளம்பியது. செங்கல்வராயன் அப்போது அங்கேதான் உட்கார்ந்திருந்தான். பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனான்.

ஒரு நாள் அஹதே அவனைத் தேடி வந்தான்.

“அண்ணாத்த, ஒரு ஒதவி பண்ணு. நாளிக்கு மாபலிபுரம் லோடுக்கு ஆள் இல்லன்னு என்னிய அனுப்புறாங்க. உனுக்கு லீவுதான? என் பக்கத்துல குந்திகினு வா. நான் எங்க தப்பா மிதிக்கிறேன்னு பாத்துச் சொல்லு.”

“அதெல்லாம் இன்னாத்துக்கு அஹது? நீ நல்லாத்தான ஓட்ற.”

“இல்ல அண்ணாத்த. நானும் டேங்க் ரொப்பிக் கணக்கு போட்டுப் பாத்தேன். நாலரைக்கு மேல வருது. திரையில மட்டும் நாலுதான் காட்டுது. அதே மெஷின் உனுக்கு அஞ்சு காட்டுதே, அது பொய் சொல்லுமா? என் கணக்குதான் எங்கியோ ஒதைக்குது. ரொம்ப பேஜாரா கீது.”

மாட்டேன் என்று சொல்லச் செங்கல்வராயனுக்கு நாக்கு எழவில்லை.

திருக்கழுக்குன்றம் வழியாகப் போனார்கள். அஹத் ஓட்டுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கப் பார்க்க அவனுக்கு உடம்பு கூசியது. எதிரே பஸ் வருவதைத் தூரத்திலேயே கவனித்து மிதியிலிருந்து காலை எடுத்துவிடுகிறான். பிரேக்குக்கு வேலையே இல்லை. இந்த ரோட்டில் நாம் ஓட்டியிருந்தால் இந்நேரம் எத்தனை தடவை பிரேக் அடித்திருப்போம் என்று செங்கல்வராயனுக்குத் தெரியும்.

“இங்க கியர் மாத்துனது சரியா அண்ணாத்த? எதனா சொல்லேன்” என்று அஹத் கேட்டுக்கொண்டே வந்தான்.

“சரியாத்தான் கீது” என்பதற்கு மேல் இவனால் எதுவும் சொல்ல முடியவில்லை.

மாமல்லபுரம் தாண்டி, கட்டி முடியாத ஒரு ஓட்டலில் டைல்ஸை இறக்கினார்கள். ஆட்கள் இறக்கிக்கொண்டிருக்கையில் இருவரும் சவுக்கு நிழலில் சாப்பிட உட்கார்ந்தார்கள். அஹத், மனைவி கொடுத்தனுப்பிய பெரிய டப்பாவைத் திறந்து பாதியை அவன் பக்கம் தள்ளினான்.

“உனுக்கும் சேத்துதான் ஹபீபா கட்டிக் குட்த்தா. நல்லா கத்துக்கினு வான்னு சொல்லி அனுப்சிகீறா.”

ஒரு வாய் சோறு எடுத்த செங்கல்வராயன் அதைத் திரும்ப வைத்தான்.

“அஹது, உன் கணக்கு சரி. மீட்டருங்கதான் பொய். உன்னுது கொறச்சுக் காட்டுது. என்னுது சென்சார் மாத்துனதுலேர்ந்து ஏத்திக் காட்டுது. டேங்க் ரொப்பிப் பாத்தா எனுக்கு நாலு பாயிண்ட் ரெண்டுதான். உன்னவிடக் கம்மி.”

அஹத் முகத்தில் முதலில் சந்தோஷம்தான் வந்தது. “மெய்யாலுமா? அப்ப நான் நல்லாத்தான் ஓட்டினு கீறனா?”

“ஆமா.”

அஹத் சிரித்தான். சிரித்துக்கொண்டே இருந்தவன் ஏதோ யோசித்து நிறுத்தினான். “இது உனுக்கு எப்போ தெரியும்?”

போன வாரம்தான் என்று சொல்லிவிடலாம். அந்தச் சொல் வாய் வரை வந்துவிட்டது.

“ஆடி மாசமே தெரியும்.”

“மாலை போட்டப்பவும் தெரியுமா?”

“தெரியும்.”

“நான் டீசல் விக்கிறேன்னு பேசுனாங்களே, அப்போ?”

அஹத் டப்பாவை மூடினான். திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது செங்கல்வராயனுக்கு. அவன் திட்டவில்லை. எழுந்து போய், இறக்கிய பெட்டிகளை எண்ணிச் சரிபார்த்துக் கையெழுத்து வாங்கினான். திரும்பி வந்து செங்கல்வராயன் வீட்டு முனையில் வண்டியை நிறுத்தி, “வூடு வந்துட்ச்சு, எறங்குங்க” என்றான். இதுநாள் வரை வா, போ என்று பேசியவன் அவன்.

மறுநாள் காலை டிரைவர்கள் எல்லோரும் இருக்கும்போதே செங்கல்வராயன் முதலாளியிடம் சொன்னான்.

“ஏன்யா, என் மானத்தையும் சேத்து வாங்குற?” என்று தீனதயாளன் எரிந்து விழுந்தார். ஆனாலும் இரண்டு வண்டிக்கும் டேங்க்கை நிரப்பச் சொல்லி, ஒரே லோடை ஏற்றி நெம்மேலி வரை அனுப்பி, திரும்பி வந்ததும் பங்க்கில் தானே நின்று நிரப்ப வைத்தார். செங்கல்வராயன் சொன்னதுதான் வந்தது. அன்றோடு போட்டோ போடுவது நின்றது. அஹதைக் கூப்பிட்டு, “மெஷின் பண்ண தப்பு பாய், மனசுல வெச்சுக்காத. கடற்கர லைனையே நீ பாரு” என்றார்.

“மெஷின் மேல எனுக்குக் கோவம் இல்ல சார்” என்றான் அஹத்.

அன்று சாயங்காலம் செங்கல்வராயன் வேண்டாவிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். “ஹபீபா மூஞ்சில நான் எப்டி முழிப்பேன்?” என்று மட்டும் கேட்டாள். ஆனால் மறுநாள் அவளேதான் அஹத் வீட்டுக்குப் போனாள். திரும்பி வந்தவளிடம், “இன்னா சொன்னா?” என்று கேட்டான்.

“ஒண்ணும் சொல்லல. டீ போட்டுக் குடுத்தா. கொழந்தைங்களப் பத்தி விசாரிச்சா.” அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “ரெண்டு வார்த்த திட்டியிருக்கலாம்.”

செங்கல்வராயன் முதலாளியிடம் ஜல்லி லைனைத் தனக்குக் கேட்டு வாங்கிக்கொண்டான். முதல் நாள் காலையில் அவன் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தபோது, டைல்ஸ் லோடோடு கிளம்பவிருந்த அஹத் பக்கத்தில் வந்து நின்றான்.

“குவாரிக்குத் திரும்புற எடத்துல பெரிய பள்ளம் ஒண்ணு கீது. தண்ணி நின்னா தெரியாது. பாத்துப் போங்க.”

செங்கல்வராயன் ஏதாவது சொல்ல வேண்டும் என்று நிமிர்ந்தான். அதற்குள் அஹத் போய்த் தன் லாரியில் ஏறியிருந்தான்.