இருமல் டாக்டரின் இருமல்

மூன்றாவது வரிசையில் யாரோ இருமினார்கள். வண்டிக்காரக்கா ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"முயல்குட்டிதானே அது? ஜன்னலோரமா மாறி உக்காரு. முழங்கைய மடக்கி அதுக்குள்ள இருமு. கையில இருமுனா அதே கையால அடுத்தவங்க பென்சிலப் புடுங்குவ."

முன்பல் இரண்டும் பெரிதாக முளைத்திருந்ததால் முயல்குட்டி என்று பெயர் வாங்கியிருந்த சிறுமி பையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தாள். எப்படித்தான் திரும்பாமலே கண்டுபிடிக்கிறார்களோ என்று மற்ற பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதில் மந்திரம் ஒன்றுமில்லை. ஒன்பது வருடமாகப் பதினான்கு பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப் போய் இறக்கிக்கொண்டிருக்கிறாள். குளிர்காலம் வந்தால் வேனுக்குள் இருமலும் தும்மலும்தான், ரேடியோவே வேண்டாம். மூக்கொழுகிக்கொண்டே அடுத்தவன் முடியைப் பிடித்து இழுக்கிற பிள்ளைக்கு வெறும் சளி. நேற்று சாயங்காலம் வரை குதித்துவிட்டு இன்று காலை அடித்துப் போட்டமாதிரி அம்மா தோளில் கிடக்கிற பிள்ளைக்கு ஃப்ளூ. நாய் குரைக்கிற மாதிரி இருமினால் தொண்டைக்குழல் வீங்கியிருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பையன் விடாமல் இருமி, இருமி முடிந்ததும் கூவுகிற மாதிரி மூச்சை இழுத்ததைக் கேட்டு வண்டியை அப்படியே ஓரங்கட்டினாள். அவன் வீட்டில் பிறந்து பத்து நாளான குழந்தை இருந்தது. "கக்குவானா இருந்தாலும் இருக்கும், இப்பவே கூட்டிட்டுப் போங்க" என்று அவன் அம்மாவிடம் ஒற்றைக்காலில் நின்றாள். கக்குவான்தான். கைக்குழந்தை தப்பித்தது. அன்றிலிருந்து பதினான்கு வீட்டுக்கும் அவள் இருமல் டாக்டர்.

பட்டம் வந்தால் தலைக்கனமும் கூடவே வரும். காய்ச்சலோடு வரும் பிள்ளையை வண்டிப் படியிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்புவாள். "சாதாரண சளிதாங்க, காய்ச்சல் கூட இறங்கிடுச்சு" என்று போன வாரம் முயல்குட்டியின் அம்மா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். "மாத்திரை போட்டு இறங்குனதெல்லாம் கணக்குல வராதும்மா" என்று கதவைச் சாத்திவிட்டாள். எலும்பு நடுங்குகிற குளிரிலும் வேன் ஜன்னல்கள் இரண்டு விரல்கடை திறந்தே இருக்கும்.

இத்தனை கண்டிப்புக்கும் காரணம் வீட்டில் இருந்தது. அவளுடைய அண்ணன். அச்சகத்தில் முப்பது வருடம் பிழை திருத்தியவர். நான்கு மாதத்துக்கு முன் அவருக்குப் புதுக் கிட்னி வைத்திருந்தார்கள். அதை வேற்றாள் என்று உடம்பு விரட்டிவிடக் கூடாது என்பதற்காக, உடம்பின் காவல்காரர்களையே அரைத்தூக்கத்தில் வைக்கிற மாத்திரைகளை அவர் தினமும் சாப்பிட வேண்டும். மற்றவர்களுக்கு மூன்று நாள் தும்மலோடு போகிற சளி அவரை ஆஸ்பத்திரியில் படுக்கவைத்துவிடும். அதனால் அவள் வீட்டுக்குள் நுழைந்ததும் நேரே குளியலறைக்குப் போய் சோப்புப் போட்டுக் கை கழுவி, உடை மாற்றிய பிறகுதான் அவர் பக்கம் தலைகாட்டுவாள். போட வேண்டிய தடுப்பூசிகளை இருவரும் போட்டிருந்தார்கள். பார்க்க வருகிறவர்கள் வாசலோடு சரி.

"நாலு மாசமா வீட்டுல இருக்கனா, ஜெயில்ல இருக்கனான்னே தெரியல" என்பார் அண்ணன்.

"ஜெயில்ல இப்படி மூணு வேளை சூடா யாருண்ணே தருவா?"

"அதான் சந்தேகமா இருக்கு."

புதன்கிழமை அவளுக்குத் தொண்டையில் ஏதோ உறுத்தியது. பிள்ளைகளிடம் கத்தினதுதான் என்று விட்டுவிட்டாள். வியாழக்கிழமை மூக்கு ஒழுகியது. தன்னைத்தானே சோதித்துக்கொண்டாள். காய்ச்சல் இல்லை. உடம்புவலி இல்லை. சோப்பை முகர்ந்து பார்த்தாள், வாசனை வந்தது. ஆகவே சாதாரண சளி. தீர்ப்பு எழுதியாகிவிட்டது. ஆனாலும் அன்று வீட்டுக்குள் மாஸ்க் போட்டுக்கொண்டே வளையவந்தாள்.

அண்ணன் செய்தித்தாளிலிருந்து நிமிர்ந்தார். "வீட்டுக்குள்ள எதுக்கு மாஸ்க்?"

"ரோட்டுல ஒரே தூசு. ஒத்துக்கல."

"தூசுன்னா மூக்கும் கண்ணும் அரிக்கும்னு நீதான சொல்லுவ? உனக்குக் கண்ணு அரிக்குதா?"

"நீங்க பேப்பரப் பாருங்க."

அவர் பேப்பரைப் பார்க்கவில்லை. நான்காயிரம் வரியில் ஒரு துணைக்காலைக் காணோம், ஒரு புள்ளியைக் காணோம் என்று கண்டுபிடித்த கண், அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

சாயங்கால மாத்திரைகளையும் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு அவர் அறை வாசலுக்குப் போனவளுக்கு, கால் நிலைப்படியைத் தாண்ட மறுத்தது. உள்ளே அவர் தலையணையைச் சாய்த்துவைத்துக் கையை நீட்டிக் காத்திருந்தார். கதவுக்குப் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் தட்டை வைத்தாள். வேற்று வீட்டுப் பிள்ளையாக இருந்தால் இந்த மூக்கை வண்டியில் ஏற்றியிருப்பாயா என்று அவள் மனசே அவளைக் கேட்டது. ஏற்றியிருக்கலாம், வெறும் சளிக்கு அவள் யாரையும் இறக்கிவிட்டதில்லை. ஆனால் அந்தப் பிள்ளையைக் கொண்டுபோய் அண்ணன் பக்கத்தில் உட்கார வைத்திருப்பாளா?

"ண்ணே, நீங்களே எழுந்து எடுத்துக்குங்க. ஜன்னலத் தொறந்து வைங்க. நான் ஒரு எட்டு போயிட்டு வந்துடுறேன்."

தெருமுனை கிளினிக்கின் நர்ஸுக்கு அவளை நன்றாகத் தெரியும். அவள் அனுப்பிவைக்கிற பிள்ளைகளெல்லாம் அங்கேதான் வருவார்கள்.

"என்னக்கா, இன்னைக்கு யாரக் கூட்டிட்டு வந்திருக்கீங்க?"

"என்னையத்தான். வெறும் சளிதான், இருந்தாலும் அண்ணன் இருக்காரேன்னு..."

"வெறும் சளி, ஃப்ளூ, கொரோனா எல்லாம் ஆரம்பத்துல ஒரே சட்டையப் போட்டுட்டுதான்க்கா வருது. இருமலக் கேட்டே சொல்லிடலாம்னா எங்களுக்கு எதுக்கு இந்தக் குச்சி?" என்று சிரித்துக்கொண்டே நர்ஸ் அவள் மூக்குக்குள் குச்சியை விட்டுச் சுழற்றினாள். கண்ணில் நீர் முட்டியது. கால் மணி நேரத்தில் அட்டையில் இரண்டு கோடு விழுந்தது. கொரோனா.

இருமல் டாக்டர் அந்த இரண்டு கோட்டையும் கவிழ்த்துப் பார்த்தாள், வெளிச்சத்தில் பார்த்தாள். கோடு அசையவில்லை. "காய்ச்சலே இல்லையேம்மா" என்றாள், திருப்பி அனுப்பப்பட்ட எல்லா அம்மாக்களின் குரலிலும்.

அண்ணனுக்குக் கிட்னி வைத்த ஆஸ்பத்திரிக்கு நர்ஸே போன் போட்டுக் கொடுத்தாள். இன்றைக்கு ஒரு சோதனை, சில நாள் கழித்து இன்னொன்று, நடுவில் காய்ச்சலோ மூச்சுத்திணறலோ எட்டிப்பார்த்தால் ஒரு நிமிஷம் தாமதிக்காமல் கூப்பிட வேண்டும் என்றார்கள். நர்ஸ் கொடுத்தனுப்பிய குச்சிகளில் ஒன்றால் அண்ணன் அன்றே பார்த்ததில் ஒற்றைக்கோடுதான், தொற்று இல்லை. அவள் பின்கட்டு அறையில் போய்க் கதவைச் சாத்திக்கொண்ட பிறகுதான் மூச்சே விட்டாள்.

அடுத்து, வீடு வீடாகப் போன். நோயைவிட அதுதான் கசந்தது. "எனக்குக் கொரோனா, ரெண்டு நாளா இதோடதான் பிள்ளைங்ககிட்ட இருந்திருக்கேன், பாத்துக்குங்க" என்று பதினான்கு தடவை சொன்னாள். வேறொரு வேன்காரர் இரண்டு நடையாக அவள் பிள்ளைகளையும் ஏற்றிக்கொள்ளச் சம்மதித்தார். முயல்குட்டியின் அம்மாவைக் கடைசிக்குத் தள்ளி வைத்திருந்தாள்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அந்தம்மா, "சாதாரண சளிதானக்கா?" என்றாள்.

"நல்லாக் கேளும்மா. கேக்க வேண்டியதுதான்."

மறுமுனையில் வெடித்த சிரிப்பில் இவளும் சிரித்து, சிரிப்பு இருமலாகி, "பாருங்க, இது எந்த வகை இருமல்?" என்று அந்தம்மா கேட்க, போனை வைக்க வெகுநேரம் ஆனது.

மறுநாளிலிருந்து வீட்டில் ஆட்சி மாறியது. நான்கு மாதமாக ஒரு தம்ளரைக்கூட எடுக்க விடாமல் உட்கார வைக்கப்பட்டிருந்த மனிதர் மாஸ்க்கை இறுக்கிக்கொண்டு அடுப்படியில் புகுந்தார். கதவைத் தட்டிவிட்டு, சூப்பை ஸ்டூலில் வைத்துவிட்டு, பத்தடி தள்ளிப் போய் நின்று அதிகாரம் செய்வார். "கதவத் தொறக்குறதுக்கு முன்ன மாஸ்க்! தட்டத் தனியா வை! தண்ணி குடிச்சியா? அளந்து குடிச்சியா, சும்மா குடிச்சியா?" எல்லாம் அவளுடைய வசனங்கள்தான், ஒரு எழுத்து மாறாமல். இரண்டாம் நாள் அவள், 'சூபில் உப்பே இல்லை' என்று சீட்டெழுதித் தட்டோடு வைத்தாள். அவர் கையுறை மாட்டிக்கொண்டு அதைத் திருத்தி, விட்டுப்போன 'ப்'பைச் சிவப்பு மையில் சேர்த்து, கதவிடுக்கில் திருப்பித் தள்ளினார். உப்பைப் பற்றிப் பதில் இல்லை.

நான்காம் நாள் பகலில் அடுப்படியிலிருந்து பெரிதாக ஒரு தும்மல் கேட்டது. படுத்திருந்தவள் எழுந்து உட்கார்ந்தாள். இரண்டாவது தும்மல். மூன்றாவது. பாத்திரச் சத்தம் நின்றுபோய் வீடே கம்மென்றிருந்தது.

"ண்ணே?"

மாஸ்க்கை மாட்டிக்கொண்டு கதவில் காதை வைத்தாள். எந்த வகைத் தும்மல்? இத்தனை வருடம் கேட்ட காது ஒன்றும் சொல்ல மாட்டேன் என்று வாயடைத்துப்போய்க் கிடந்தது.

"காய்ச்சல் இல்ல" என்று அண்ணனின் குரல் கடைசியில் வந்தது. "பாத்துட்டேன். மிளகு வறுத்தேன், அதான்னு நெனக்கிறேன்."

"நெனக்க வேணாம். குச்சிய எடுங்க."

கதவுக்கு இந்தப் பக்கம் அவளும் அந்தப் பக்கம் பத்தடி தள்ளி அவரும் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். எத்தனையோ மாதம் ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருந்திருக்கிறாள். அந்தக் கால் மணி நேரம் அதையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது.

"ஒத்தக்கோடு" என்றார் அண்ணன். சற்றுப் பொறுத்து, "மிளகுக்குச் சோதனை பண்ணுன மொத ஆளு நாந்தான்" என்றார். அவள் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள். நனைந்தது எதனால் என்று அவளுக்கே தெரியவில்லை. ஆஸ்பத்திரிக்காரர்கள் கேட்டபடி இரண்டு நாள் கழித்து இன்னொன்றும் பார்த்தார்கள். அதிலும் ஒற்றைக்கோடுதான்.

எட்டாம் நாள் காலை. தொண்டை தெளிந்திருந்தது. ஜன்னலோரம் தலைமுடியைக் காயவைத்துக்கொண்டிருந்தவளுக்கு வேன் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள். வேட்டைக்குப் போகிறவர் மாதிரி இடுப்பில் துண்டு கட்டிக்கொண்டு, மூக்கு மூடிய மாஸ்க்கோடு, அண்ணன் ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்திருந்தார்.

"என்னண்ணே பண்றீங்க?"

"ஒரு வாரமா நிக்குது. பேட்டரி செத்துடும். ஸ்டார்ட் மட்டும் பண்ணிட்டு வந்துடுறேன்."

வண்டி இரண்டு தடவை முனகிவிட்டு உயிர்பெற்றது. சும்மாவே கொஞ்ச நேரம் உறுமிக்கொண்டிருந்தது. பிறகு ஒரு சாண் நகர்ந்தது. அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். வேண்டாம் என்று கத்த வாயைத் திறந்து, மூடிக்கொண்டாள். எல்லா ஜன்னல்களும் திறந்த காலி வேன், பிள்ளைகளின் சீட்டுகளில் வெயில் ஏறி உட்கார்ந்திருக்க, கேட்டைத் தாண்டித் தெருவுக்கு இறங்கி, நடை பழகும் பிள்ளை போல ஊர்ந்து, முனைக்குப் போய் நின்றது. வீட்டுக்கே சுற்றிவருகிற சந்துப்பக்கம், இடது விளக்கு மினுக்மினுக்கென்று எரிந்தது. கொஞ்ச நேரத்தில் அது அணைந்து, பெரிய ரோட்டுப்பக்கம் வலது விளக்கு எரிய ஆரம்பித்தது.